மர்வான் பர்கூதி: ஒரு சிறைவாசிக்கு ஏன் அஞ்சுகிறார்கள்?

2025 ஆகஸ்டில் ஒரு காணொளி வெளியானது. சில நொடிகள்தான். சிறை அறை ஒன்றில், கன்னம் ஒட்டி, உடல் வற்றிப்போன ஒருவர் நிற்கிறார். அவர் முன்னால் இஸ்ரேலின் தேசியப் பாதுகாப்பு அமைச்சர் இதமார் பென் கிவிர். நீங்கள் வெல்லப் போவதில்லை, எங்கள் மக்களுக்குத் தீங்கு செய்பவர்களைத் துடைத்தெறிவோம் என்று மிரட்டுகிறார். சிறைவாசி ஏதோ பதில் சொல்ல முயல்கிறார். அமைச்சர் பேசவிடவில்லை.

அந்தச் சிறைவாசி மர்வான் பர்கூதி. பல ஆண்டுகளாக வெளியுலகம் அவர் முகத்தைப் பார்த்திருக்கவில்லை. 2002 முதல் சிறையில் இருப்பவர். ஐந்து ஆயுள் தண்டனையும் அதற்கு மேல் 40 ஆண்டும் பெற்றவர். ஆயுதம் கிடையாது, படை கிடையாது, கட்சி அலுவலகம்கூடக் கிடையாது. இப்படிப்பட்ட ஒருவரை மிரட்ட ஓர் அமைச்சரே படக்கருவியோடு சிறைக்குள் போக வேண்டிய அவசியம் என்ன? அரசுகள் யாருக்கு அஞ்சுகின்றன, ஏன் அஞ்சுகின்றன என்பதை அரசியல் பழகும் இளைய தோழர்கள் தெரிந்துகொள்வதற்கு பர்கூதியின் வாழ்க்கை நல்ல பாடம்.

கோபர் கிராமத்துச் சிறுவன்

மேற்குக் கரையில் ரமல்லாவுக்கு அருகில் உள்ள கோபர் என்ற கிராமத்தில் 1959 ஜூன் 6 அன்று பிறந்தார் பர்கூதி. 1967 போரில் மேற்குக் கரை, கிழக்கு ஜெருசலேம், காஸா மூன்றும் இஸ்ரேலின் பிடிக்குள் வந்தபோது அவருக்கு எட்டு வயது. அதாவது, எட்டு வயது முதல் அவர் வளர்ந்தது இராணுவ ஆட்சியின் கீழ்தான். எங்கே போகலாம், எங்கே கூடலாம், எதைப் படிக்கலாம் என்பதையெல்லாம் இராணுவ ஆணைகள் தீர்மானித்தன.

15 வயதில் யாசர் அராஃபத்தின் ஃபத்தா இயக்கத்தில் சேர்ந்தார். 1978-இல், 18 வயதில், கைதாகி நான்கு ஆண்டுகளுக்கும் மேல் சிறையில் இருந்தார். அப்போது விசாரணை அறையில் தன்னை நிர்வாணமாக நிற்கவைத்துப் பிறப்புறுப்பில் அடித்ததைப் பிற்காலத்தில் அவரே எழுதியிருக்கிறார். இனி உனக்குப் பிள்ளை பிறக்காது என்று அந்த அதிகாரி கேலி செய்ததையும் எழுதியிருக்கிறார். பள்ளிப் படிப்பை அவர் முடித்தது அந்தச் சிறையில்தான். ஹீப்ரு மொழியையும் அங்கேதான் கற்றார். தன்னை அடைத்து வைத்தவர்களின் மொழியை, அவர்களோடு சரிக்குச் சரியாகப் பேசும் அளவுக்குக் கற்றார்.

விடுதலையானதும் 1983-இல் பிர்ஸெய்த் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். வரலாறும் அரசியல் அறிவியலும் பாடம். மாணவர் பேரவைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1984-இல் ஃபத்வாவை மணந்தார். ஃபத்வா பின்னாளில் வழக்கறிஞராகி, கணவரின் விடுதலைக்கான உலகளாவிய பரப்புரையைத் தோளில் சுமந்து நிற்பவர். சிறைக்குப் போன தலைவர்களின் பெயர்தான் வரலாற்றில் நிற்கிறது. வெளியில் இருந்து அந்தப் பெயரை அணையாமல் காத்த பெண்களின் உழைப்பை நாம் தனியாக எழுத வேண்டியிருக்கிறது.

1987 மே மாதம் இஸ்ரேல் அவரை ஜோர்டானுக்கு நாடு கடத்தியது. ஆக்கிரமிக்கப்பட்ட நிலத்தின் மக்களை அங்கிருந்து வெளியேற்றக் கூடாது என்கிறது நான்காவது ஜெனீவா உடன்படிக்கையின் 49-ஆவது பிரிவு. அதே ஆண்டு டிசம்பரில் முதல் இன்டிஃபாதா, அதாவது மக்கள் எழுச்சி, வெடித்தது. 1988 தொடக்கத்தில் இராணுவம் பிர்ஸெய்த் பல்கலைக்கழகத்தை மூடியது. நான்கு ஆண்டுகளுக்கும் மேல் அதன் கதவு திறக்கவில்லை. ஆசிரியர்கள் வீடுகளில் வகுப்பு நடத்தினார்கள். பர்கூதி நாடு கடத்தப்பட்ட நிலையிலேயே எழுச்சிக்கு வேலை செய்தார். 1989-இல் ஃபத்தாவின் புரட்சிகரப் பேரவைக்குத் தேர்வானார். 1994-இல்தான் ஊர் திரும்ப முடிந்தது. 1983-இல் தொடங்கிய இளங்கலைப் பட்டம் கையில் கிடைத்ததும் அந்த ஆண்டில்தான். ஒரு பட்டத்துக்குப் பதினொரு ஆண்டுகள்.

ஓஸ்லோவை நம்பியவர்

இன்று அவரைப் பற்றிப் பேசுவோர் பலர் மறந்துவிடும் ஒரு செய்தி உண்டு. 1993-இல் கையெழுத்தான ஓஸ்லோ ஒப்பந்தத்தை பர்கூதி ஆதரித்தார். இஸ்ரேலுக்குப் பக்கத்தில், 1967 எல்லைகளுக்குள், ஒரு பாலஸ்தீன நாடு அமையும் என்று நம்பினார். மேற்குக் கரையில் ஃபத்தாவின் பொதுச் செயலாளரானார். 1996 ஜனவரியில் நடந்த முதல் தேர்தலில் பாலஸ்தீனச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இஸ்ரேலிய அரசியல்வாதிகளோடும் அமைதி இயக்கத்தாரோடும் ஹீப்ருவிலேயே பேசிப் பழகினார்.

இன்னொரு பக்கம், தன் சொந்தத் தலைமையையும் அவர் விட்டுவைக்கவில்லை. அராஃபத்தின் நிர்வாகத்தில் நடந்த ஊழலையும், பாதுகாப்புப் படைகளின் மனித உரிமை மீறல்களையும் வெளிப்படையாகக் கண்டித்தார். வெளியிலிருந்து திரும்பி வந்த மூத்த தலைவர்கள் பதவிகளில் அமர, உள்ளே இருந்து அடி வாங்கியவர்கள் ஓரமாக நிற்கும் நிலைமையைக் கேள்வி கேட்ட தலைமுறையின் குரல் அவர். ஒடுக்கப்பட்டோர் இயக்கங்களுக்குள் வேலை செய்தவர்களுக்கு இந்தக் கேள்வி எவ்வளவு கசப்பானது, எவ்வளவு தேவையானது என்று தெரியும்.

ஓஸ்லோ என்ன தந்தது? மேற்குக் கரை ‘அ’, ‘ஆ’, ‘இ’ என்று மூன்று வகையாகத் துண்டாடப்பட்டது. அதில் ஏறத்தாழ 60 விழுக்காடு நிலம் இஸ்ரேலின் முழுக் கட்டுப்பாட்டில் இருந்தது. பேச்சுவார்த்தை ஒரு பக்கம் நடக்க, மறுபக்கம் குடியேற்றங்கள் வளர்ந்துகொண்டே போயின. 2000 ஜூலையில் கேம்ப் டேவிட் பேச்சு முறிந்தது. செப்டம்பர் 28 அன்று ஏரியல் ஷரோன் பெரும் காவலோடு அல் அக்ஸா வளாகத்துக்குள் நுழைந்தார். இரண்டாவது இன்டிஃபாதா தொடங்கியது. பர்கூதி அதன் அறியப்பட்ட முகமானார்.

வழக்கும் தீர்ப்பும்

இந்தப் பகுதியை நாம் மழுப்பாமல் எழுத வேண்டும். இரண்டாவது இன்டிஃபாதா முதலாவதைப் போல் கல்லெறிதலோடும் வேலை நிறுத்தத்தோடும் நிற்கவில்லை. துப்பாக்கிகள் வந்தன, தற்கொலைத் தாக்குதல்கள் வந்தன. 3,000-க்கும் மேற்பட்ட பாலஸ்தீனர்களும் சுமார் 1,000 இஸ்ரேலியர்களும் கொல்லப்பட்டார்கள். இரு தரப்பிலும் செத்தவர்களில் ஏராளமானோர் பொதுமக்கள்.

பர்கூதி என்ன சொன்னார்? 2002 ஜனவரியில் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழில் அவர் எழுதிய கட்டுரையின் சாரம் இது: நான் பயங்கரவாதி அல்ல, அதேசமயம் எதிர்த்துப் போராட மாட்டேன் என்று சொல்பவனும் அல்ல. இஸ்ரேலுக்குள் பொதுமக்களைத் தாக்குவதை எதிர்க்கிறேன். ஆக்கிரமிப்பை எதிர்க்கும் உரிமையை விட்டுத்தர மாட்டேன். பாதுகாப்பு வேண்டுமென்றால் ஆக்கிரமிப்பை முடியுங்கள். இதற்குச் சில மாதங்களுக்கு முன், 2001 ஆகஸ்டில், ஏவுகணைத் தாக்குதல் ஒன்றிலிருந்து அவர் உயிர் தப்பியிருந்தார்.

2002 ஏப்ரல் 15 அன்று இஸ்ரேலிய இராணுவம் ரமல்லாவில் அவரைக் கைது செய்தது. மேற்குக் கரைப் பாலஸ்தீனர்களைப் பொதுவாக விசாரிப்பது இராணுவ நீதிமன்றம். இவரையோ டெல் அவீவ் மாவட்ட நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். அல் அக்ஸா தியாகிகள் படையணியை வழிநடத்தினார், தாக்குதல்களுக்கு ஒப்புதல் தந்தார் என்பது அரசின் வாதம். நான் அரசியல் தலைவன், படைத்தளபதி அல்ல என்று அவர் மறுத்தார். தேர்ந்தெடுக்கப்பட்ட மக்கள் பிரதிநிதியை விசாரிக்க ஆக்கிரமிப்பு அரசின் நீதிமன்றத்துக்கு அதிகாரமே இல்லை என்று கூறி, எதிர்வாதம் செய்யவும் மறுத்துவிட்டார்.

2004 மே 20 அன்று தீர்ப்பு வந்தது. 2001-2002இல் நடந்த மூன்று தாக்குதல்களில் ஐந்து பேர் கொல்லப்பட்டதற்கு அவர் பொறுப்பு என்றது நீதிமன்றம். இறந்தவர்களில் ஒருவர் கிரேக்க ஆர்த்தடாக்ஸ் துறவி. வேறு 33 தாக்குதல்கள் தொடர்பான குற்றச்சாட்டுகளில் போதிய ஆதாரம் இல்லை என்று விடுவித்தது. ஜூன் 6 அன்று, அவருடைய 45-ஆவது பிறந்த நாளில், தண்டனை அறிவிக்கப்பட்டது. நாடாளுமன்றங்களுக்கு இடையிலான ஒன்றியம் அனுப்பிய பிரெஞ்சு வழக்கறிஞர், இந்த விசாரணை நியாயமாக நடக்கவில்லை என்று அறிக்கை தந்தார்.

கொல்லப்பட்ட அந்த ஐந்து பேரும் மனிதர்கள். அவர்களுக்கும் குடும்பம் இருந்தது. இதைச் சொல்வதால் பாலஸ்தீன விடுதலையின் நியாயம் குறைந்துவிடாது. சொல்லாமல் மறைத்தால் நம் பேச்சின் நேர்மைதான் குறையும். அதே நேர்மையோடு இதையும் கேட்க வேண்டும்: ஆக்கிரமித்த அரசே கைது செய்து, அதுவே வழக்குத் தொடுத்து, அதுவே தீர்ப்பும் எழுதினால் அதன் பெயர் நீதியா? ஆக்கிரமிக்கப்பட்ட பகுதியைச் சேர்ந்தவர் தண்டனையை அந்தப் பகுதிக்குள்ளேயே அனுபவிக்க வேண்டும் என்கிறது ஜெனீவா உடன்படிக்கையின் 76-ஆவது பிரிவு. பர்கூதியும் ஆயிரக்கணக்கான மற்றவர்களும் இஸ்ரேலுக்குள் இருக்கும் சிறைகளில்தான் அடைக்கப்பட்டிருக்கிறார்கள். பார்க்க வரும் குடும்பம் அந்த இராணுவத்திடமே அனுமதிச் சீட்டுக்குக் கையேந்த வேண்டும்.

சிறை என்னும் பள்ளிக்கூடம்

பர்கூதியைத் தனிமனிதராகப் பார்த்தால் பாதிக் கதைதான் புரியும். அவருக்கு முன்பே பாலஸ்தீனச் சிறைவாசிகளின் இயக்கம் ஒன்று வளர்ந்திருந்தது. 1967 முதல் இன்றுவரை சுமார் 8 லட்சம் பாலஸ்தீனர்கள் ஏதோ ஒரு காலத்தில் சிறைப்பட்டிருக்கிறார்கள் என்பது பாலஸ்தீன அமைப்புகளின் மதிப்பீடு. சிறைவாசி இல்லாத குடும்பத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். குற்றச்சாட்டே இல்லாமல் ஆறு ஆறு மாதமாக நீட்டிக்கொண்டே போகும் ‘நிர்வாகக் காவல்’ முறையும் உண்டு. அதன் வேர் 1945-இல் பிரிட்டிஷ் ஆட்சி அங்கே கொண்டுவந்த அவசரகால விதிகளில் இருக்கிறது. நம் ஊர்த் தடுப்புக் காவல் சட்டங்களின் பூர்வீகத்தைத் தேடிப் போனாலும் அதே எஜமானின் வீட்டு வாசலில்தான் போய் நிற்போம்.

தொடக்ககாலச் சிறைகளில் எழுதுகோலும் தாளும் கிடையாது. காவலர் கூப்பிட்டால் ‘சீதீ’, அதாவது ‘என் எஜமானே’, என்று சொல்லித்தான் பதில் தர வேண்டும். 1969-இல் ரம்லா சிறைவாசிகள் உண்ணாவிரதம் இருந்தபோது வைத்த கோரிக்கைகளில் இரண்டு: எழுதுபொருள் வேண்டும், எஜமானே என்று இனி அழைக்க மாட்டோம். சோறு கேட்கும்போதே மரியாதையையும் கேட்டார்கள். இதன் பொருளை நம் வாசகர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 1970-இல் அஷ்கெலான் சிறை உண்ணாவிரதத்தில் அப்துல் காதர் அபு அல் ஃபஹ்ம் உயிரிழந்தார். இப்படி உயிர் கொடுத்து வாங்கியவைதான் நோட்டுப் புத்தகமும் நூலகமும் வகுப்பும்.

அந்த மரபில் வந்தவர் பர்கூதி. தனிமைச் சிறையில் நீண்ட காலம் கழித்தார். அந்த அனுபவத்தைப் புத்தகமாக எழுதினார். சிறையிலிருந்தே முனைவர் பட்ட ஆய்வை எழுதி முடித்தார். ஆய்வுப் பொருள், பாலஸ்தீனச் சட்டமன்றம். ஹதாரிம் சிறையில் சக கைதிகளுக்கு வகுப்பெடுத்தார். அங்கே படித்துப் பட்டம் பெற்றவர்கள் பலர்.

2017 ஏப்ரல் 17, பாலஸ்தீனச் சிறைவாசிகள் நாள். அன்று பர்கூதியின் தலைமையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உண்ணாவிரதம் தொடங்கினர். கூடுதல் குடும்பச் சந்திப்பு, தொலைபேசி, மருத்துவம், படிக்கும் உரிமை, தனிமைச் சிறைக்கும் நிர்வாகக் காவலுக்கும் முடிவு என்பவை கோரிக்கைகள். காரணத்தை விளக்கி நியூயார்க் டைம்ஸில் அவர் எழுதிய கட்டுரை வெளியானதும் தனிமைச் சிறைக்கு மாற்றப்பட்டார். அவர் என்ன குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டவர் என்பதைச் சொல்லவில்லை என்று எதிர்ப்பு எழ, அந்த நாளிதழ் பிறகு ஒரு குறிப்பைச் சேர்த்தது. பர்கூதி ஒளிந்து தின்பண்டம் தின்றதாகச் சிறைத்துறை ஒரு காணொளியை வெளியிட்டது. அது பொய் என்றனர் அவர் தரப்பினர். வெளியே அவருடைய மகன் உப்பு கரைத்த தண்ணீரைக் குடித்துக் காட்ட, உலகம் முழுக்க இளைஞர்கள் அதையே செய்தனர். 40 நாட்களுக்குப் பின் போராட்டம் முடிந்தது. கையில் கிடைத்தது, பறிபோயிருந்த மாதத்தின் இரண்டாவது குடும்பச் சந்திப்பு.

சிறை உண்ணாவிரதம் என்றால் நமக்கு 1932 செப்டம்பரும் எரவாடா சிறையும் நினைவுக்கு வரும். காந்தி அங்கே பட்டினி கிடந்தது தாழ்த்தப்பட்டோருக்குக் கிடைத்த தனித் தொகுதிக்கு எதிராக. அதனால் எந்த உண்ணாவிரதத்தையும் நாம் கண்ணை மூடிக்கொண்டு புனிதமாக்குவதில்லை. யார், யாருக்கு எதிராக, எதைக் கேட்டு என்ற மூன்று கேள்விகளைக் கேட்கிறோம். தன்னைவிட வலியவர்களிடம், வேறு ஆயுதமே இல்லாத நிலையில், அம்மாவை இன்னொரு முறை பார்க்க விடு என்று கேட்பவரின் பட்டினி வேறு வகை.

18 அம்சங்கள்

அரசு அவருக்கு ஏன் அஞ்சுகிறது என்ற கேள்விக்கு வருவோம். விடை 2006-இல் இருக்கிறது என்பது நம் கருத்து.

அந்த ஆண்டு ஜனவரித் தேர்தலில் 132 இடங்களில் 74-ஐ ஹமாஸ் வென்றது. சிறையிலிருந்தபடியே ஃபத்தா பட்டியலின் முதல் பெயராக நின்ற பர்கூதி வென்றார், அவருடைய கட்சி தோற்றது. இரு தரப்புக்கும் இடையே தெருச் சண்டை மூளும் நிலை. அப்போது, மே மாதத்தில், ஹதாரிம் சிறையிலிருந்து ஓர் ஆவணம் வெளியே வந்தது. ஃபத்தா சார்பில் பர்கூதி, ஹமாஸ் சார்பில் அப்துல் காலிக் நத்ஷே ஆகியோருடன் இஸ்லாமிய ஜிஹாத், மக்கள் முன்னணி, ஜனநாயக முன்னணி ஆகிய அமைப்புகளின் சிறைவாசிகளும் கையெழுத்திட்டிருந்தனர். அதில் 18 அம்சங்கள். 1967-இல் பறிபோன நிலத்தில் தனிநாடு, அகதிகள் திரும்பும் உரிமை, பாலஸ்தீன விடுதலை இயக்கத்தில் எல்லாத் தரப்புக்கும் இடம், அனைவரும் சேர்ந்த அரசு, எதிர்ப்பை ஆக்கிரமிக்கப்பட்ட பகுதிகளுக்குள் மையப்படுத்துவது.

வெளியே ஒரே மேசையில் உட்காராதவர்கள் சிறைக்குள் உட்கார்ந்து எழுதிய ஆவணம் அது. ஆனால் அதிபர் மஹ்மூத் அப்பாஸ் அதை வைத்துப் பொது வாக்கெடுப்பு நடத்தப் போவதாக அறிவித்ததும், ஹமாஸ், இஸ்லாமிய ஜிஹாத் சிறைவாசிகள் எதிர்ப்புத் தெரிவித்துக் கையெழுத்தைத் திரும்பப் பெற்றனர். திருத்தங்களுடன் ஜூன் 27 அன்று ஃபத்தாவும் ஹமாஸும் உடன்பட்டன. இதற்கு இரண்டு நாள் முன்பு இஸ்ரேலியப் படைவீரர் கிலாத் ஷலித் பிடிக்கப்பட்டிருந்தார். மறுநாள் இஸ்ரேலிய இராணுவம் காஸாவுக்குள் நுழைந்தது. ஓராண்டில் ஃபத்தாவும் ஹமாஸும் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டனர். காஸா ஒருவர் கையிலும் மேற்குக் கரை இன்னொருவர் கையிலுமாகப் பிரிந்தன.

பிரிந்து கிடக்கும் மக்களை ஆள்வது எளிது. பிரிந்தவர்கள் எல்லோரும் ஏற்கக்கூடிய ஒருவர் வெளியே நடமாடுவது ஆபத்து. கருத்துக் கணிப்புகளில், அதிபர் தேர்தல் நடந்தால் அப்பாஸையும் ஹமாஸ் தலைவர்களையும் முந்துபவராக பர்கூதியே தொடர்ந்து வந்திருக்கிறார். 2011-இல் ஷலித்துக்கு ஈடாக 1,027 பேரை விடுவித்த இஸ்ரேல் பர்கூதியை விடவில்லை. 2025 அக்டோபர் போர்நிறுத்தத்தில் ஆயுள் தண்டனை உள்ளிட்ட நீண்ட தண்டனை பெற்ற சுமார் 250 பேர் வெளியே வந்தார்கள். அப்போதும் இவரையும் மக்கள் முன்னணியின் அஹ்மத் சாதாத்தையும் விடவில்லை.

அச்சம் இஸ்ரேலுக்கு மட்டும் உரியதா? 2021 மே மாதம் நடக்கவிருந்த தேர்தலில் பர்கூதி ஆதரவாளர்கள் தனிப் பட்டியல் தந்தனர். ஏப்ரல் இறுதியில் அப்பாஸ் தேர்தலைத் தள்ளிவைத்தார். கிழக்கு ஜெருசலேமில் வாக்களிக்க இஸ்ரேல் அனுமதிக்கவில்லை என்பது அவர் சொன்ன காரணம். தோல்வி பயமே காரணம் என்றார்கள் பலர். 2006-க்குப் பிறகு வாக்களிக்கும் வயதை அடைந்த எந்தப் பாலஸ்தீனரும் இன்றுவரை சட்டமன்றத்துக்கு வாக்களித்ததில்லை. ஆக்கிரமிப்பாளருக்கும் வசதி, நாற்காலியில் இருப்பவருக்கும் வசதி. மக்களின் குரலை மக்களே தேர்ந்தெடுக்கும் உரிமைதான் இடையில் நசுங்குகிறது.

மண்டேலா என்ற ஒப்புமை

பர்கூதியைப் ‘பாலஸ்தீனத்தின் மண்டேலா’ என்று அழைப்பது வழக்கமாகிவிட்டது. 2013 அக்டோபரில் ராபன் தீவில், மண்டேலா இருந்த சிறை அறையிலிருந்தே விடுதலைப் பரப்புரை தொடங்கப்பட்டது. ஃபத்வாவுடன் நின்று தொடங்கி வைத்தவர் அஹ்மத் கத்ராடா. மண்டேலாவோடு தண்டனை பெற்று 26 ஆண்டுகள் சிறையில் கழித்த, இந்திய வம்சாவளியினர்.

இந்த ஒப்புமையில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. மண்டேலா நல்லவர் என்பதற்காக நிறவெறி அரசு அவரை விடுவிக்கவில்லை. உள்ளே தொழிற்சங்கங்களும் நகர்ப்புறச் சேரிகளும் கொந்தளித்தன, வெளியே உலகம் வணிகத்தையும் விளையாட்டையும் முறித்தது. அதனால்தான் கதவு திறந்தது. பாலஸ்தீன விடுதலை இயக்கத்தை 1974-இலும் பாலஸ்தீன நாட்டை 1988-இலும் அங்கீகரித்த இந்தியா, இன்று இஸ்ரேலிய ஆயுதங்களின் பெரிய வாடிக்கையாளர். மண்டேலாவின் பெயரைச் சொல்கிற நாடுகள் அன்று செய்ததை இன்று செய்வதில்லை.

2023 அக்டோபர் 7 ஹமாஸ் தாக்குதலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டனர். அதன்பின் காஸாவில் பல்லாயிரக்கணக்கான மக்கள் கொல்லப்பட்டனர். அந்த நாட்களில் சிறைகளிலும் எல்லாம் தலைகீழானது. குடும்பச் சந்திப்பு நின்றது, செஞ்சிலுவைச் சங்கத்துக்குத் தடை வந்தது, உணவு குறைக்கப்பட்டது, புத்தகங்கள் பறிக்கப்பட்டன. பர்கூதி பலமுறை தாக்கப்பட்டதாக அவர் குடும்பம் சொல்கிறது. அரை நூற்றாண்டு பட்டினி கிடந்து வாங்கிய உரிமைகள் சில வாரங்களில் போயின. வென்ற உரிமை நிரந்தரம் என்று நினைக்கும் எந்த இயக்கத்துக்கும் இது எச்சரிக்கை.

தோழர்களே, உங்கள் விடுதியில், உங்கள் படிப்பு வட்டத்தில் பர்கூதியைப் பற்றிப் பேசுங்கள். அவர் படத்தை மட்டும் மாட்டி வைத்துவிட்டு நின்றுவிடாதீர்கள். நமக்குத் தலைவர்களின் படங்களுக்குப் பஞ்சமில்லை. அந்த 18 அம்சங்களை எடுத்து வாசியுங்கள். ஒத்துப்போகாத ஐந்து அமைப்புகளைச் சேர்ந்தவர்கள் எதில் விட்டுக்கொடுத்தார்கள், எதில் விட்டுக்கொடுக்கவில்லை என்று வரி வரியாகப் பாருங்கள். பிறகு, ஒரே தெருவில் மூன்று கொடிக்கம்பம் நட்டு ஒருவரோடொருவர் பேசாமல் இருக்கும் நம் அமைப்புகளைப் பற்றியும் கொஞ்சம் பேசுங்கள்.